வைகைக் கடைமடையில் ஆற்று வாளை: நீள அளவுகளை ஆண்டுதோறும் எடுத்தால் எதைச் சொல்ல முடியும்?

(இது ஓர் உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கடைமடை

வணக்கம். பார்த்திபனூர் மதகணைக்குக் கீழே, பரமக்குடி வழியாக ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் ஆற்று வாளையை ஆண்டுதோறும் அளந்து பதிவு செய்ய ஒரு திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறோம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) சிவப்புப் பட்டியலில் இது அழிவாய்ப்பு இனம். இரண்டு மீட்டரையும் தாண்டி வளரக்கூடிய மீன், ஆனால் நம் பக்கத்துச் சந்தையில் பெரிய உருப்படி அரிதாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்வதோடு நில்லாமல் எண்ணாக எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இப்போதைய யோசனை இது: கோடையில் கண்மாய்கள் வற்றி ஊரே மீன் பிடிக்கும்போது போய், கிடைக்கிற வாளை எல்லாவற்றுக்கும் மொத்த நீளம் எடுப்பது, சராசரி போடுவது, அடுத்த வருடச் சராசரியோடு ஒப்பிடுவது. எத்தனை மீன் அளந்தால் போதும்? வலை போட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எண்ணும் எடையும்

சராசரியை மட்டும் நம்பாதீர்கள் தம்பி. இந்த வேலையில் அதிகம் ஏமாற்றுகிற எண் அதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் வருடம் 20 செ.மீ. அளவில் 60 மீன், 40 செ.மீ. அளவில் 30, 70 செ.மீ. அளவில் 10 கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 31 செ.மீ. மறு வருடம் மழை பொய்த்து, குஞ்சு தேறவில்லை. 20 செ.மீ. மீன் 10 மட்டும், மற்றவை அப்படியே. சராசரி 42 செ.மீ. ஆகிவிடும். பெரிய மீன் ஒன்றுகூடக் கூடவில்லை, கூட்டம் பாதியாகிவிட்டது, ஆனால் அறிக்கையில் ‘சராசரி நீளம் 11 செ.மீ. உயர்ந்தது’ என்று வரும். படிக்கிறவர் மீன் வளம் பெருகியதாக நினைப்பார். உண்மை நேர்மாறு.

அதனால் மூன்றையும் சேர்த்தே வெளியிட வேண்டும்: ஒவ்வொரு நீள வகுப்பிலும் எத்தனை மீன், எவ்வளவு முயற்சிக்கு எவ்வளவு மீன், பெரிய மீன்களின் பங்கு. இதில் முயற்சி என்பது எத்தனை மீட்டர் வலை, எத்தனை மணி நேரம் என்பது. முயற்சி எழுதாத நீள அட்டவணையால் வடிவத்தை மட்டும்தான் சொல்ல முடியும், கூட்டம் பெருத்ததா சிறுத்ததா என்று சொல்லவே முடியாது.

பெரிய கண்மாய்ப் பாசனம்

அக்கா சொன்னதோடு இன்னொன்று. கண்மாய் மீனையும் ஆற்றுப் பள்ளத்து மீனையும் ஒரே அட்டவணையில் கொட்டக் கூடாது. இரண்டும் இரண்டு விதமான கூட்டம்.

கண்மாய் என்ன செய்கிறது? ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வருகிறது. மடை வழியாகவும் வரத்துக்கால் வழியாகவும் வாளையும் குஞ்சும் ஏறுகின்றன. கோடையில் உள்வாய் வற்றுகிறது. மீன்பாசி (மீன்பிடி உரிமை) குத்தகைதாரர் வலை போட்டு முடித்ததும் ஊர் இறங்குகிறது: ஊத்தா, கச்சா, வீச்சு வலை, கை. மிச்சம் என்று எதுவும் நிற்பதில்லை. அப்படி முழுசாக வற்றும் கண்மாயில் அந்த வருடம் தண்ணீரோடு வந்ததுதான் இருக்கும். அங்கே பெரிய மீன் இல்லாதது ஆற்றில் பெரிய மீன் அழிந்ததற்குச் சாட்சி ஆகாது. வருடா வருடம் துடைத்து எடுக்கிற இடத்தில் வயதான மீன் எப்படி இருக்கும்?

பல வருடம் பிழைக்கிற மீன் இருக்க வேண்டுமானால், தடுப்பணைக்கு அடியில், மதகுக்குக் கீழே, மணல் அள்ளிய பள்ளங்களில், கோடையிலும் தண்ணீர் நிற்கிற இடங்களில்தான் இருக்கும். பெரிய மீனைத் தேட வேண்டிய இடம் அதுதான். கண்மாய் அளவு என்பது ‘இந்த வருடம் குஞ்சு தேறியதா’ என்ற கேள்விக்குப் பதில். பள்ளத்து அளவு என்பது ‘தாய் மீன் இருக்கிறதா’ என்ற கேள்விக்குப் பதில்.

ஒவ்வொரு கண்மாய்க்கும் மூன்று தகவலைத் தவறாமல் எழுதுங்கள். போன கோடையில் முழுசாக வற்றியதா? இந்த வருடம் கலுங்கு (நிறைந்த கண்மாயின் உபரி நீர் வழியும் இடம்) பாய்ந்ததா? தண்ணீர் வைகையிலிருந்து வந்ததா, உள்ளூர் மழை மட்டுமா? வைகைத் தண்ணீர் வராத வருடத்தில் ஆற்று வாளை கண்மாய்க்குள் ஏற வழியே கிடையாது. அந்த வருடத்துச் சுழியத்துக்குக் காரணம் மீன்பிடி அல்ல, வழி அடைபட்டது. குத்தகைதாரர் கட்லா, ரோகு குஞ்சு விட்டிருந்தால் வாளையை எதிரியாகப் பார்த்து முன்னாலேயே பிடித்து வெளியேற்றியிருப்பார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். வாளை மீன் தின்னி. அவர் செய்வதில் நியாயம் உண்டு, ஆனால் நம் கணக்கை அது வளைக்கும்.

தங்கூசி வலை

வலை பற்றி.

ஒரே கண்ணி அளவுள்ள வலை போட்டால், அந்தக் கண்ணிக்கு ஏற்ற மீன்தான் விழும். 60 மி.மீ. கண்ணி எந்த நீளத்தில் அதிகம் பிடிக்கிறதோ, 90 மி.மீ. கண்ணி அதைப் போல ஒன்றரை மடங்கு நீளத்தில் அதிகம் பிடிக்கும். ஆக, நீங்கள் வரைகிற படம் மீன் கூட்டத்தின் படமா, வலையின் படமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்த வருடம் ஒரு வலை, அடுத்த வருடம் கடையில் கிடைத்த வேறு வலை என்றால் ஒப்பீடு முடிந்தது.

வழி: பல கண்ணிகளை ஒரே சரமாகக் கட்டுவது. அடுத்தடுத்த கண்ணி சுமார் 1.25 மடங்காகப் பெருகட்டும். ஐரோப்பிய ஏரிகளுக்கான தர வலையும் இதே விகிதம்தான்: 12 துண்டு, ஒவ்வொன்றும் 2.5 மீட்டர், 5 மி.மீ. முதல் 55 மி.மீ. வரை. ஆனால் அது முடிச்சுக்கு முடிச்சு அளவு. நம் கடைகளில் இழுத்துப் பிடித்த கண்ணியைச் சொல்வார்கள், அது இரண்டு மடங்கு. வாங்கும்போது எந்த அளவு என்று கேட்டு வாங்குங்கள், வாங்கிய பிறகு நனைத்து, பத்துக் கண்ணியை இழுத்து அளந்து பத்தால் வகுத்து எழுதுங்கள். வாளைக்கு அந்த ஐரோப்பிய வலை சிறிசு. இழுத்த அளவில் 40, 50, 60, 80, 100, 120, 150 மி.மீ. என்று போனால் குஞ்சு முதல் பெரிய மீன் வரை ஓரளவு வரும். எல்லாத் துண்டும் ஒரே நீளம், ஒரே உயரம், ஒரே தடிமன் தங்கூசி (நைலான் இழை), ஒரே தொங்கல் விகிதம். மேல் கயிற்றின் நீளம் இழுத்த வலையின் நீளத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டுகளைச் சிறிதிலிருந்து பெரிது என்று வரிசையாகக் கட்டாமல் சீட்டுக் குலுக்கிக் கட்டுங்கள். கரையோரம் எப்போதும் சின்னக் கண்ணியே நின்றால் ஆழத்தின் விளைவும் கண்ணியின் விளைவும் கலந்துவிடும்.

வாளைக்கே உரிய ஒரு தொந்தரவு உண்டு. அதன் வாய் கண்ணைத் தாண்டிப் பிளந்திருக்கும், உள்ளே வரிசையாகக் கூர்ப்பல். செவுளில் மாட்டுவதைவிடப் பல்லிலும் தாடையிலும் மாட்டிச் சுருட்டிக்கொள்வது அதிகம். பெரிய மீன் சின்னக் கண்ணியில் தொங்கும். அதனால் ஒவ்வொரு மீனுக்கும் எதில் மாட்டியது என்று ஓர் எழுத்து போடுங்கள்: செவுள் என்றால் ‘செ’, உடல் என்றால் ‘உ’, பல் என்றால் ‘ப’. பின்னால், எந்தக் கண்ணி எந்த நீளத்தை அதிகம் பிடிக்கிறது என்ற சாய்வைத் திருத்துகிறபோது ‘ப’ மீன்களைத் தனியாக எடுக்க வேண்டியிருக்கும்.

கடைமடை

அண்ணே, அழிவாய்ப்பு இனத்தைக் கண்காணிக்கிறோம் என்று சொல்லி நாமே வலையில் போட்டுக் கொல்லலாமா? அதுதான் தயக்கமாக இருக்கிறது.

தங்கூசி வலை

தயக்கம் சரிதான். கண்மாயில் வலையே வேண்டாம். அங்கே எப்படியும் மீன் வெளியே வருகிறது, பிடித்தவரிடம் கேட்டு அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். ஒரு மீன்கூடக் கூடுதலாகச் சாகாது. வலை ஆற்றுப் பள்ளத்துக்கு மட்டும். அதையும் ராத்திரி முழுக்க விடாதீர்கள். வாளை இருட்டினதும் இரை தேடக் கிளம்பும். பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம் போட்டு, அரை மணிக்கு ஒருதரம் வலையைத் தூக்கிப் பாருங்கள். சித்திரை, வைகாசிச் சூட்டில் தண்ணீரில் பிராணவாயு குறைவு; வலையில் நின்ற மீன் சீக்கிரம் செத்துவிடும். பங்குனிக்குள் முடித்துவிடுவது நல்லது. மாட்டியதை உருவி எடுக்காமல் கண்ணியை வெட்டி எடுங்கள். வலை தைத்துக்கொள்ளலாம்.

பறி, கூடு இரண்டையும் கூடவே வையுங்கள், அதில் வருவது உயிரோடு வரும். ஆயிரங்கால் தூண்டில் (நீளக் கயிற்றில் வரிசையாகப் பல முள் கட்டியது) பெரிய மீனுக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் விழுங்கின முள் வயிற்றில் இறங்கிவிடும், திருப்பி விட்டாலும் பிழைக்காது. நான் அதைச் சேர்க்க மாட்டேன்.

மண்டபம் மீனளவை

அடையாளத்தில் முதலில் கவனம் வையுங்கள். மண்டபம், பாம்பன் ஏலக் கணக்கில் வாளை என்று இருந்தால் அது கடல் மீன். படிவத்தில் அறிவியல் பெயரையே எழுதுங்கள்: வல்லாகோ அட்டு.

அடுத்த குழப்பம் சின்ன மீனில். ஓம்போக் இனமும் இதே குடும்பம், குஞ்சு வாளையோடு கலந்து கூடையில் கிடக்கும். ஓம்போக்கில் வாய்ப்பிளவு கண்ணுக்கு முன்பே நின்றுவிடும், செவுள் மூடிக்குப் பின்னால் தோளில் ஒரு கருப்புப் பொட்டு இருக்கும். வாளையில் வாய்ப்பிளவு கண்ணுக்குப் பின்னே போகும். 15 முதல் 35 செ.மீ. வரை உள்ள மீனில் இதைப் பார்க்காமல் அளந்தால் குஞ்சு வகுப்பு பொய்யாகப் பெருத்துவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தியோடு குழம்ப வாய்ப்பில்லை; அதன் முதுகுத் துடுப்பு நீண்டு ஓடும், வாளைக்கு அது ஒரு சின்னக் கொத்து.

இனி அளவு. தட்டையான பலகையில் வாளை வழுக்கும், வளையும். 160 மி.மீ. பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து, ஒன்றேகால் மீட்டர் நீளத்துக்கு ஒரு பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை மரக்கட்டையால் அடைத்து, குழாயின் உள் அடியில் எஃகு ஸ்கேலை ஒட்டுங்கள். சுழியம் கட்டையின் உள்முகத்தில் இருக்க வேண்டும்; கட்டையின் தடிமனைச் சேர்த்து ஒட்டினால் எல்லா மீனும் ஒரே அளவு கூடிப்போகும், யாருக்கும் தெரியாமல். தொட்டியை நனைத்து, மீனை வைத்து, மூக்கு கட்டையைத் தொடும்படி மெல்லத் தள்ளி, வாய் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஈரச் சாக்குத் துணியைக் கண்ணின் மேல் போட்டால் அடங்கிவிடும். கை ஈரமாக இருக்கட்டும். இதற்குச் செதில் கிடையாது, வழவழப்பு உரிந்தால் புண் பிடிக்கும்.

இரண்டு நீளம் எடுங்கள். மொத்த நீளம்: வால் கதுப்பு இரண்டையும் விரலால் சேர்த்துப் பிடித்து நுனி வரை. நியம நீளம்: வாலை இலேசாக மடித்தால் எலும்பு முடிகிற இடத்தில் ஒரு மடிப்பு விழும், அதுவரை. வாளையின் வால் வலையிலும் சண்டையிலும் அடிக்கடி கிழியும். வால் கிழிந்த மீனுக்கு மொத்த நீளத்தை ஊகித்து எழுதாமல் கோடு போட்டுவிட்டு, நல்ல மீன்களிலிருந்து வரும் விகிதத்தைக் கொண்டு பிறகு மாற்றிக்கொள்ளலாம். மில்லிமீட்டரில் எழுதுங்கள். 5 செ.மீ. வகுப்பில் கட்டமிட்டுக் குறிப்பவர்கள் பின்னால் 2 செ.மீ. வகுப்பு வேண்டும் என்றால் எங்கே போவார்கள்? தையல் டேப்பை உடம்பின் மேல் ஓட்டி எடுத்த அளவு வேண்டவே வேண்டாம். வயிறு உப்பிய மீனுக்கு நீளம் கூடும்.

ஊத்தா

ஊர் இறங்குகிற அன்றைக்கு அளக்கிறது நீங்கள் நினைக்கிற மாதிரி இருக்காது தம்பி. விடிந்து இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பெரிய மீன் பிடித்தவர் கரையில் நிற்க மாட்டார், நேராக வீட்டுக்கோ யாவாரியிடமோ போய்விடுவார். மிச்சம் நிற்பவர் கையில் இருப்பது ஜிலேபியும் கெண்டையும் சின்ன வாளையும்தான். கரையில் உட்கார்ந்து வருகிறதை அளந்தால் பெரியது விட்டுப்போகும். கரையேறுகிற பாதைகளில் ஆள் நிறுத்துங்கள், பாதைக்கு இரண்டு பேர்: ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் எழுத. வாங்க வந்திருக்கிற யாவாரியின் ஐஸ் பெட்டியையும் பார்க்கணும். முதல் நாளே ஊர்ப் பெரியவர்கள், குத்தகைதாரர் இரண்டு பேரிடமும் சொல்லிவிடுங்கள். அளக்கிறவன் ஏலத்துக்கு விலை வைக்க வந்தவன் என்று நினைத்தால் கூடையைத் திறக்க மாட்டார்கள்.

குடல் எடுத்த மீனுக்கு நீளம் போடுங்கள், எடை போடாதீர்கள்.

மண்டபம் மீனளவை

ஊத்தா அண்ணன் சொன்னது முக்கியம். கடல் மீனுக்கு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல அடுக்குத் தற்செயல் மாதிரி முறையில் இறங்குதளங்களைப் பார்க்கிறது: எந்தத் தளம், எந்த நாள், எந்தப் படகு என்று குலுக்கித் தேர்ந்தெடுப்பது. அதை அப்படியே கண்மாய்க்குக் கொண்டுவர முடியாது. இங்கே இறங்குதளமும் இல்லை, தினசரி வரத்தும் இல்லை. ஆனால் அதன் உயிர்நாடியை எடுத்துக்கொள்ளலாம்: எல்லாவற்றையும் அளக்க முடியாதபோது நல்லதாகத் தெரிவதை எடுக்காமல் குலுக்கலில் வந்ததை எடுப்பது. பத்துக் கூடை வந்தால் மூன்றைக் குலுக்கி எடுத்து, அந்த மூன்றிலும் உள்ள எல்லா வாளையையும் அளக்க வேண்டும். கூடைக்குள் கைவிட்டு நாலு மீனை எடுத்தால் கை பெரிய மீனைத்தான் தேடும்.

எடைக்கு ஒரு சொல். வாளை முழுங்கிய கெண்டை வயிற்றில் இருக்கும்போது எடுத்த எடை, வெறும் வயிற்று எடை இரண்டும் வேறு. வயிறு உப்பியிருந்தால் ஒரு குறி போடுங்கள். நீளத்தையும் எடையையும் மடக்கையாக்கிக் கோடு வரைந்தால் சரிவு 3-ஐ ஒட்டி வர வேண்டும். 2.5-க்குக் கீழோ 3.5-க்கு மேலோ வந்தால் மீனைச் சந்தேகப்படாமல் முதலில் தராசையும், தட்டச்சுப் பிழையையும், மிகச் சின்ன நீள வரம்பில் மட்டும் மீன் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கோட்டிலிருந்து தள்ளி நிற்கிற புள்ளிகளில் பாதி, 430-ஐ 340 என்று எழுதிய வகையாக இருக்கும்.

கடைமடை

எத்தனை மீன் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லையே அக்கா.

எண்ணும் எடையும்

எந்தக் கேள்விக்கு என்பதைப் பொறுத்தது. பெரிய மீனின் பங்கைக் கேட்கிறீர்கள் என்று வைப்போம். 50 மீன் அளந்து 5 பெரியது என்றால் பங்கு 10 விழுக்காடு. ஆனால் 95 விழுக்காட்டு நம்பக வரம்பு ஏறக்குறைய 3 முதல் 22 வரை பரந்து கிடக்கும். அடுத்த வருடம் 5 விழுக்காடாகக் குறைந்தாலும் குறைந்தது என்று சொல்ல முடியாது. 200 மீனில் 20 பெரியது என்றால் வரம்பு 6 முதல் 15. இதுவே கொஞ்சம் பயன்படும். 30 மீன் அளந்து பெரியது ஒன்றுமே இல்லை என்றால் ‘பெரிய மீன் இல்லை’ என்று எழுதாதீர்கள். உண்மைப் பங்கு 10 விழுக்காடு வரை இருந்தாலும் அப்படி நேரலாம்.

இதில் ஒரு பொறி. இந்த வரம்பெல்லாம் ஒவ்வொரு மீனும் தனித்தனியாகக் கிடைத்தது என்ற எண்ணத்தில் போட்டவை. ஒரே பள்ளத்தில் ஒரே வலையில் விழுந்த 40 மீன் ஒன்றைப் போல ஒன்று இருக்கும். அதைச் 40 சாட்சியாக எண்ணக் கூடாது. மறுமாதிரி எடுத்து வரம்பு கணிக்கும்போது மீனைக் குலுக்காமல் பள்ளத்தைக் குலுக்குங்கள், கண்மாயைக் குலுக்குங்கள். இரண்டு வருட நீளப் பரவலை ஒப்பிடும் கோல்மொகொரோவ்-ஸ்மிர்னோவ் சோதனைக்கும் இதே எச்சரிக்கை. நூறு நூறு மீனைக் கொட்டினால் எல்லாமே ‘வேறுபாடு உண்டு’ என்றுதான் வரும். இரண்டு கண்மாயில் 300 மீன் அளப்பதைவிட, பன்னிரண்டு கண்மாயில் கண்மாய்க்கு 25 அளப்பது மேல்.

வகுப்பு அகலம், மிகப் பெரிய மீனின் நீளத்தில் இருபதில் ஒரு பங்கு என்று ஆரம்பியுங்கள். ஒரு மீட்டர் மீன் கிடைக்கிற இடத்தில் வகுப்பு 5 செ.மீ. அகலம். மீன் குறைவாக இருந்தால் பல் பல்லாக விழும் படத்தில் கூட்டம் கூட்டமாகத் தலைமுறை தெரிவதாகக் கற்பனை வரும்.

பள்ளமடை

பெரிய மீன் பெரிய மீன் என்கிறீர்களே, எத்தனை சென்டிமீட்டருக்கு மேல் பெரியது? மீன்வள ஆய்வாளர் ரெய்னர் ஃப்ரோசே 2004-இல் சொன்ன மூன்று குறியீடுகளை வைத்துக்கொள்ளலாமே: பிடிபட்டதில் முதிர்ந்த மீன் எத்தனை விழுக்காடு, உகந்த நீளத்துக்கு (ஒரு தலைமுறை மீன்களின் மொத்த எடை உச்சத்தைத் தொடும் நீளம்) பத்து விழுக்காடு முன்பின் உள்ளவை எத்தனை, அதையும் தாண்டிய பெருந்தாய் மீன் எத்தனை. எளிது, ஊரிலும் புரிய வைக்கலாம்.

மண்டபம் மீனளவை

குறியீடு நல்லது. ஆனால் முதிர்ச்சி நீளம் இங்கத்திய மீனிலிருந்து வர வேண்டும். கங்கைச் சமவெளியில் எடுத்த முதிர்ச்சி நீளத்தைக் கொண்டுவந்து வைகையில் ஒட்டினால் மூன்று குறியீடும் சாய்ந்துவிடும். இனப்பெருக்க மாதமும் அப்படித்தான். வடக்கே தென்மேற்குப் பருவ மழையோடு முட்டையிடுவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நமக்கு ஆறு நிறைவது வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வெள்ளம் பரவிய மேட்டு நீரில் முட்டையிடுகிற மீனுக்கு அந்த வெள்ளம் எப்போது வருகிறது என்பதுதான் நாள்காட்டி.

கோடை மீன்பிடியில் வயிற்றைக் கீறிப் பார்த்து முதிர்ச்சி நீளம் கணிக்க முயலாதீர்கள். அந்த மாதத்தில் போன பருவம் முட்டையிட்டு ஓய்ந்த தாய் மீனின் சினைப்பையும், இன்னும் ஒருமுறையும் முட்டையிடாத மீனின் சினைப்பையும் வெறுங்கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். ஓய்ந்ததை எல்லாம் இளசு என்று எழுதினால் முதிர்ச்சி நீளம் மேலே தள்ளிப்போகும். ‘எல்லாமே இளம் மீன்தான் பிடிபடுகிறது’ என்ற தவறான அபாயமணி அடிக்கும். முதல் தண்ணீர் வருகிற சமயத்தில், பரமக்குடி, ராமநாதபுரம் மீன் கடைகளில் வெட்டிக் கொடுக்கும் அம்மாக்களிடம் பேசி வைத்து, வெட்டுவதற்கு முன் நீளம், வெட்டிய பின் சினை நிலை என்று எழுதுங்கள். அதற்காக ஒரு மீனும் கொல்ல வேண்டியதில்லை. ஆணையும் பெண்ணையும் பிரித்து, 5 செ.மீ. வகுப்புக்குக் குறைந்தது பத்துப் பெண் மீன் சேரும்வரை இரண்டு மூன்று பருவம் ஆனாலும் ஆகட்டும். அதுவரைக்கும் ‘பெரியது’ என்பதற்கு ஒரு நிலையான எண்ணை, உதாரணமாக 60 செ.மீ., வைத்துக்கொண்டு மாற்றாமல் தொடருங்கள். அதற்கு உயிரியல் பொருள் ஏற்றிச் சொல்லாமல் இருந்தால் போதும்.

பள்ளமடை

அப்படியானால் நீள அளவை மட்டும் வைத்து இறப்பு விகிதம், மீன்பிடி அழுத்தம் கணிக்கிற மென்பொருள்கள்?

எண்ணும் எடையும்

அவை பெரும்பாலும் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய அதே அளவு குஞ்சு சேருகிறது என்ற எண்ணத்தில் நிற்பவை. ஒரு வருடம் கலுங்கு பாய்ந்து, அடுத்த இரண்டு வருடம் மணல் மட்டும் தெரிகிற ஆற்றில் அந்த எண்ணம் முதல் அடியிலேயே உடைகிறது. எண் வரும், அழகாகத் தசமப் புள்ளியோடு வரும். நம்ப முடியாது. நல்ல மழை வருடத்துக் குஞ்சு மூன்றாம் வருடம் 50, 60 செ.மீ. வகுப்பில் ஒரு மேடாக நகர்ந்து வருவதைப் படத்தில் கண்ணால் தொடர்வது இங்கே அதைவிட அதிகம் சொல்லும்.

வயது வேண்டுமானால், வளர்ச்சி வளையங்களை எண்ண, செதில் இல்லாத மீனுக்குக் காதுக்கல்லோ (உள்காதில் இருக்கும் சிறு கல்) முதுகெலும்போதான். கடையில் கழிக்கிற தலைகளை வாங்கிக்கொள்ளலாம். வறட்சியில் வளர்ச்சி நின்றால் ஒரு வளையம் விழலாம், ஆனால் வருடத்துக்கு ஒன்றுதானா என்பதை மாதாமாதம் விளிம்பைப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் வயது என்று சொல்ல வேண்டும்.

பெரிய கண்மாய்ப் பாசனம்

இந்த ஆறு காய்வதால் நமக்கு ஒரு நன்மையும் உண்டு, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. மாசிக்குப் பிறகு பள்ளங்கள் ஒன்றோடொன்று தொடர்பு அறுந்து நிற்கும். மீன் உள்ளே வரவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை. குறியிட்டு மறுபடி பிடிக்கிற கணக்குக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதல் முறை பிடித்த மீன்களின் வயிற்றுத் துடுப்பு ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்து விடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி வலை. முதலில் 24 மீனுக்குக் குறியிட்டு, இரண்டாம் முறை பிடித்த 29-ல் 4 குறியுள்ளவை என்றால்: 24-உடன் ஒன்று கூட்டி 25, 29-உடன் ஒன்று கூட்டி 30, பெருக்கினால் 750, 4-உடன் ஒன்று கூட்டி 5 ஆல் வகுத்தால் 150, ஒன்று கழித்தால் 149. பள்ளத்தில் சுமார் 149 வாளை. நாலே நாலு மீன் திரும்ப வந்ததை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் வரம்பு அகலமாக இருக்கும், அதையும் எழுத வேண்டும்.

அதைவிடப் பெரிய லாபம், நீள வகுப்புவாரியாகத் திரும்ப வந்தது எத்தனை என்று பார்க்கலாம். 30 செ.மீ. மீனில் பத்துக்கு ஒன்று திரும்பியது, 60 செ.மீ. மீனில் பத்துக்கு நாலு திரும்பியது என்றால் உங்கள் வலை பெரிய மீனை அதிகம் பிடிக்கிறது என்று கையோடு தெரிந்துவிடும். அந்த விகிதத்தால் முழு நீளப் படத்தையும் திருத்தலாம். இடையில் யாராவது அந்தப் பள்ளத்தில் வலை போட்டார்களா, நாரையும் நீர்க்காகமும் இறங்கியதா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைமடை

ஆற்றங்கரை முகத்துவாரம் வரை போக வேண்டுமா? சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களைச் சேர்க்கலாமா?

மண்டபம் மீனளவை

முகத்துவாரத்தில் உப்பு ஏறிய தண்ணீர். மடவையும் கொடுவாவும் வருகிற இடம். வாளைக்கு அங்கே முயற்சி வீண். பெரிய கண்மாயின் உபரி நீர் பாக் நீரிணைக்குப் போகிற வழியில் மின்கடத்து திறனை அளந்துகொண்டே வாருங்கள், உப்பு தட்டுகிற இடத்துக்கு மேலே கடைசி நிலையத்தை வையுங்கள். வெள்ளக் காலத்தில் அந்த இடம் கீழே நகரும், கோடையில் மேலே வரும். நிலையத்தை நகர்த்தாமல் அளவை மட்டும் எழுதுங்கள்.

சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் இரண்டும் பறவைகள் சரணாலயம், 2025-இல் ராம்சார் பட்டியலிலும் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-லேயே சேர்ந்துவிட்டன. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது, கூடு கட்டும் காலத்தில் கேட்கவும் வேண்டாம். முதல் வருடம் இவற்றை விட்டுவிட்டு, ஊர்க் கண்மாய்களோடு ஆரம்பிப்பது நல்லது.

தங்கூசி வலை

படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வலை போட்டு வாளை ஒன்றும் விழாத நாளுக்கும் ஒரு வரி வேண்டும்: இடம், கண்ணி, போட்ட நேரம், எடுத்த நேரம், வாளை 0. வெற்றுக் கட்டம் விட்டால், வலை போடவில்லையா, போட்டு மீன் இல்லையா என்று அடுத்த வருடம் யாருக்கும் தெரியாது. மீன் குறைந்துகொண்டே போகிற ஆற்றில் அந்தச் சுழியங்கள்தான் பாதிக் கதை. அறுந்த துண்டை மாற்றினால் அதே கண்ணி, அதே தடிமன் வாங்கி, மாற்றிய தேதியையும் வலைச் சரத்தின் எண்ணையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

கடைமடை

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். திட்டத்தை மாற்றுகிறோம்: கண்மாய்களில் வலை இல்லாமல் கோடை மீன்பிடியில் அளவு, பன்னிரண்டு கண்மாய், குலுக்கலில். ஆற்றில் தொடர்பறுந்த நாலு பள்ளம், பங்குனியில், ஏழு கண்ணிச் சரம், இரண்டு மணி நேரம், குறியிட்டு விடுதல். முதல் தண்ணீர் வரும்போது மீன் கடைகளில் சினை நிலை. ஒரு சந்தேகம்: ஆள் பற்றாத இடத்தில் போனில் படம் எடுத்து நீளம் கணிக்கலாமா?

மண்டபம் மீனளவை

எடுக்கலாம், ஸ்கேல் மீனின் நடு உயரத்தில் இருந்தால். தரையில் ஸ்கேலைப் போட்டு அதன் பக்கத்தில் தடித்த மீனைக் கிடத்தினால் மீன் போனுக்குக் கிட்டே வந்துவிடும், நீளம் கூடித் தெரியும். ஸ்கேலுக்கு அடியில் இரண்டு கட்டை வைத்து உயர்த்துங்கள், போனை நேர் மேலே பிடியுங்கள், மீன் படத்தின் நடுவில் இருக்கட்டும். ஓரத்தில் லென்ஸ் வளைக்கும். முதலில் முப்பது மீனைத் தொட்டியிலும் படத்திலும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எல்லா நீளத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஆட்களிடம் கொடுங்கள்.